வெளியேறும் எடை

டக்.
ஒரு மூச்சு இடைவெளி.
டக்.
"ராத்திரியிலேர்ந்து இப்படித்தான்" என்றாள் முபீனா.
குனிந்து கேபினட்டில் காதை வைத்தேன்.
உள்ளே ஏதோ ஒன்று தன் இடத்தைத் தேடிப் போய்
சுவரில் முட்டிக்கொண்டு திரும்புகிறது.

ராணிப்பேட்டை சிப்காட் எடைமேடை.
எட்டுக்குப் பத்து அறை, கம்பி ஜன்னல்,
வெளியே ஈரத்தோல் ஏற்றிய லாரி,
அதன் பின்னால் இன்னொன்று,
அதன் பின்னால் வாலாஜா வரைக்கும் ஹார்ன்.

டேட்டா கேபிளை மாற்றினேன். இல்லை.
பக்கத்துப் போர்ட். இல்லை.
பவர் வயரைப் பிடுங்கி
என் பையிலிருந்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கொடுத்தேன்.
டக்.
பயாஸ் பட்டியலில் கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது,
ஏழு வருஷமாக யாரும் திறக்காத டிவிடி டிரைவ்கூட
பந்திக்கு முந்தியவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
இவன் பெயர் மட்டும் இல்லை.

பேக்கப் இருக்கா என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள்.
அதில் அவள் தம்பியின் நிக்காஹ் வீடியோ.

"போச்சும்மா. சென்னைக்கு அனுப்பினா
இருபதாயிரம் கேப்பான். வரும்னும் சொல்ல மாட்டான்."
ஒன்பது வருஷ எடைச்சீட்டு.
அவள் ஒன்றும் சொல்லாமல் டிஸ்கை வாங்கி
கையில் வைத்துக் கனம் பார்த்தாள்.

டிரைவர் ஜன்னலில் தலையை நுழைத்தார்.
"இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்?
மேடை காலியாத்தானே கீது,
அதையே வெச்சிப் பாரேன் எவ்ளோ கனம்னு."
விளையாட்டுக்குத்தான் சொன்னார். வைத்தோம்.
அறுபது டன் மேடை.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
சிவப்பு எண்கள் பூஜ்யத்திலிருந்து அசையவேயில்லை.

திரும்பி வந்து துப்பட்டாவால் டிஸ்கைத் துடைக்கும்போது
யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:
"இந்தக் காத்துக்கு வெள்ளிக் கொலுசே
நாப்பது நாள்ல கறுத்துப்போவுது."

நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றிப்
பச்சைப் பலகையைப் பிரித்துக் கவிழ்த்தேன்.
ஊசிகள் வந்து தொட வேண்டிய வெள்ளிப் புள்ளிகள்
அத்தனையும் எள்.
நாலு வருஷமாக ஆற்காட்டிலிருந்து
இதே ரோட்டில் வந்துபோகிறேன்.
என் மோதிரமும் கறுத்துத்தான் இருக்கிறது.
வியர்வை என்று நினைத்திருந்தேன்.

ரப்பர் அவளுடையது, பென்சிலின் பின்னால் இருந்தது.
தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு உருண்டு
ரசீது புத்தகத்தின் மேல் விழுந்தது.
அவள் ஊதிவிட்டாள்.
மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

டக் இல்லை.
அடங்கிய குரலில் ஒரே மட்டமாய் ஓர் உறுமல்.
பட்டியலில் பெயர் வந்து உட்கார்ந்தது.

மூச்சுவிடக்கூடப் பயந்து புது டிஸ்குக்கு இழுக்க ஆரம்பித்தேன்.
லாரி மேடையேறினால் தரை நடுங்கும்.
டிரைவர் இறங்கிப் போய், நடுரோட்டில் கைகளை விரித்து,
பின்னால் நின்றவர்களை எல்லாம் தடுத்தார்.
ஒரு டீ குடிக்கிற நேரம் என்று சொல்லியிருக்கிறார்.
ஐந்து மணி நேரம் பிடித்தது.
அவரை என்னவெல்லாம் திட்டினார்கள் என்று எழுத முடியாது.

எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது.
தகட்டிலேயே தேய்ந்த இடம்,
ரப்பருக்கு எட்டாத இடம்.
மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.
நாலாவது தடவை, தாண்டிப் போ என்று அழுத்தினேன்.

எதைத் தாண்டினோம் என்று
சாயங்காலம் முபீனாவே தேடிப் பிடித்தாள்.
போன வருஷம் ஜூலை. பேரணாம்பட்டு லாரி.
உள்ளே வந்த எடை
பதினாலாயிரத்து அறுநூற்று இருபது.
வெளியேறும் எடைக்கு நேராக
சதுரம் சதுரமாக ஏதோ எழுத்து.

என் கூலி அறுநூறு.
ரப்பருக்கு ஐந்து ரூபாய் பிடித்துக்கொண்டாள்.

கணக்குப்படி அந்த லாரி
இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.
அது நிற்கும் இடத்தில்தான்
இப்போது டிரைவர் தன் லாரியை ஏற்றுகிறார்,
மெதுவாக,
இனிமேல் மெதுவாக ஏற்ற அவசியமில்லை என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.